திருவிழாக் கூட்டமும் முகமறியும் கமராவும்: எங்கள் ஊரில் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு, எங்கள் சனசமூக நிலையத்தில் இந்த விஷயத்தைப் பற்றிக் கதைத்தேன். பெருங்கூட்டங்களில் பொலிஸார் பயன்படுத்தும் முகமறியும் தொழில்நுட்பம் என்ன செய்கிறது, எங்கே பிழைக்கிறது, எங்கள் ஊருக்கு வந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் உயர்தர மாணவருக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். அரை மணி நேரத்தில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன்; கேள்விகள் இரவு ஒன்பது மணி வரை போயின. அன்றும் பிறகும் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டப் பகுதியைச் சட்டத்தரணியான நண்பர் ஒருவர் பார்த்துத் திருத்தித் தந்தார்.

சிசிரிவி கமரா எங்கும் இருக்கிறதுதானே. இது அதிலிருந்து எப்படி வேறு?

சிசிரிவி பதிந்து வைக்கும். தேர் வீதியில் ஒருவருடைய சங்கிலி அறுக்கப்பட்டால், முறைப்பாடு வந்த பிறகு பொலிஸார் பதிவைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்ப்பது மனிதக் கண். அதுவும் களவு நடந்த நேரத்தை மட்டும் பார்க்கும்.

முகமறியும் கமரா களவு நடக்கும்வரை காத்திருக்காது. படத்துக்குள் வரும் ஒவ்வொரு முகத்தையும் தனியே வெட்டி எடுத்து, அதன் அமைப்பைச் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றும். பொலிஸாரிடம் உள்ள தேடற்பட்டியலில் இருக்கும் முகங்களும் அதேபோல எண்களாக்கப்பட்டிருக்கும். இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருக்கம் என்று கணக்குப் பார்த்து, குறித்த அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். எல்லாம் ஒரு கணத்துக்குள் நடந்துவிடும்.

கமராவை நிமிர்ந்து பார்த்து இது எந்த வகை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. வேலையைச் செய்வது பின்னால் இருக்கும் மென்பொருள். பத்து வருடமாக ஒரே கம்பத்தில் நிற்கிற கமராவை, கம்பத்தில் ஏறாமலே, ஓர் இரவில் முகமறியும் கமராவாக மாற்றிவிடலாம். அதனால் "புதுக் கமரா ஒன்றும் பூட்டவில்லையே" என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

நான் எந்தப் பட்டியலிலும் இல்லை. என் முகத்தை அது என்ன செய்யும்?

அளக்கும். பட்டியலில் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கே உங்கள் முகத்தை அளந்தாக வேண்டும். நேர்த்திக்குத் தூக்குக்காவடி எடுப்பவர், கச்சான் விற்கும் அம்மா, சாரணர் உடுப்பில் நிற்கும் பொடியன் எல்லோருக்கும் இதுதான்.

லண்டன் மாநகரப் பொலிஸ் தன் விதியாக, பொருந்தாத முகங்களின் எண்வரிசையை உடனே அழிப்பதாகவும், தேடற்பட்டியலை 24 மணி நேரத்துக்குள் அழிப்பதாகவும் அறிவித்திருக்கிறது. குரொய்டன் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் அந்தப் பொலிஸ் வான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எழுதப்பட்ட விதி இருக்கிறது, அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். விதி எழுதப்படாத இடத்தில் அழிப்பதும் அழிக்காததும் கணினியின் முன் இருப்பவரின் விருப்பம்.

எவ்வளவு சரியாகச் சொல்லும்?

விற்கிறவர்கள் 99 வீதம், 99.9 வீதம் என்பார்கள். அந்த எண் பொய்யாக இருக்கத் தேவையில்லை. கூட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். கரும்பலகையில் எழுதிக் காட்டியதை இங்கேயும் எழுதுகிறேன்.

தேரன்று ஒரு இலட்சம் முகங்கள் கமராக்களைக் கடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது மிகத் திறமான இயந்திரம். ஆயிரம் பேரில் ஒருவரைத்தான் பிழையாகக் காட்டும். அப்படியென்றால் 100 அப்பாவிகளுக்கு அலாரம் அடிக்கும். உண்மையில் தேடப்படுபவர்கள் அந்தக் கூட்டத்தில் 10 பேர் என்றும், அவர்களில் 9 பேரை அது பிடித்தது என்றும் கொள்வோம். மொத்தம் 109 அலாரம், அதில் சரியானது 9. பன்னிரண்டு தடவை ஓடிப்போய் மறித்தால் பதினொரு தடவை பிழையான ஆள்.

இது என் கற்பனைக் கணக்கு. நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஜூன் 3ஆம் திகதி வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. சவுத் வேல்ஸ் பொலிஸார் நகரம் முழுக்க இந்தக் கமராக்களைப் பயன்படுத்தினார்கள். 2,470 அலாரங்கள் அடித்தன. 2,297 பிழை, 173தான் சரி. அதாவது ஏறக்குறைய 93 வீதம் பிழை. தேடற்பட்டியலுக்கு வெளியிலிருந்து கிடைத்த படங்கள் தரங்குறைந்தவை என்று பொலிஸார் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணம் உண்மையாக இருக்கலாம். ஆனால் எங்கள் பழைய தேசிய அடையாள அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெற்ற தாயே யோசித்துத்தான் சொல்லுவாள்.

2017க்குப் பிறகு மென்பொருள்கள் நன்றாக முன்னேறிவிட்டன. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனாலும் மேலே போட்ட கணக்கின் அடி மாறாது: கூட்டம் பெரிதாகவும் தேடப்படுபவர் சிலராகவும் இருக்கும் இடத்தில், மிகச் சிறிய பிழைவீதமும் பல அப்பாவிகளைத் தொடும்.

எங்கள் நிறத்துக்கும் எங்கள் முகங்களுக்கும் இது சரியாக வேலை செய்யுமா?

மென்பொருளைப் பொறுத்தது. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் 99 தயாரிப்பாளர்களின் 189 மென்பொருள்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒருவரை இன்னொருவர் என்று பிழையாகக் காட்டுவது, பல மென்பொருள்களில் வெள்ளையரை விட ஆசிய, ஆபிரிக்க அமெரிக்க முகங்களுக்கு 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை அதிகம். முதியவர்களிலும் சிறுவர்களிலும் பிழை கூடியது. மிகச் சிறந்த சில மென்பொருள்களில் இந்த வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவு சிறியது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எந்த மென்பொருள் வாங்கப்பட்டது என்பதைக் கேட்க வேண்டியது இதனால்தான்.

திருநீற்றுப்பூச்சு, சந்தனம், வியர்வை, உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழல், தோளில் பிள்ளையோடு குனிந்து நடப்பது: இந்தக் கோலத்தில் நல்லூர் முகங்களை வைத்து எந்த ஆய்வுகூடமும் இயந்திரத்தைப் பழக்குவதில்லை. நேராகப் பார்க்கிற, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே கொண்டுவந்து காட்டக்கூடாது.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் கண்டுபிடித்துத் தருமே. அது நல்லதுதானே?

ஒரு தாய் கேட்டார். நல்ல நோக்கம்தான், இந்தத் தொழில்நுட்பத்தை எங்கும் முதலில் அறிமுகப்படுத்துவதும் இந்த நோக்கத்தைச் சொல்லித்தான். 2018 ஏப்ரலில் டில்லிப் பொலிஸார், விடுதிகளில் இருந்த பிள்ளைகளின் படங்களை ஒப்பிட்டு நான்கு நாளில் காணாமற்போன சுமார் 3,000 பிள்ளைகளை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு டில்லி மேல் நீதிமன்றத்தில், அந்த முறையின் துல்லியம் 2 வீதமளவில்தான் என்று சொல்லப்பட்டது. அது சிறுவனையும் சிறுமியையும் கூடப் பிரித்தறியவில்லை என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மூன்று வயதுப் பிள்ளையின் முகம் மாதத்துக்கு மாதம் மாறும். நல்லூரில் பிள்ளை தொலைந்தால் இன்றுவரை நம்பகமான வழி ஒலிபெருக்கி அறிவித்தல்தான். பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோரின் போன் இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டிலிருந்து புறப்படுங்கள்.

"தம்பி, இது தலையாட்டிதானே?"

பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் இதைக் கேட்டபோது மண்டபத்தில் ஒருவரும் கதைக்கவில்லை. இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போர் நடந்த சுற்றிவளைப்புக் காலத்தில் இராணுவத்தினர் ஊரையே ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ கூட்டிவருவார்கள். முகத்தை மூடிய ஒருவர் இருத்தப்பட்டிருப்பார். ஒவ்வொருவராக அவர் முன்னால் நடக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவருக்குத் தலையாட்டி என்று பெயர். என் அண்ணாவும் அப்படி ஒரு வரிசையில் நடந்தார். அவருக்கு முன்னால் போன பொடியனுக்குத் தலை ஆடியது, அண்ணாவுக்கு ஆடவில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியாது. அண்ணா இன்றும் வரிசையில் நிற்க வேண்டிய இடங்களுக்குப் போகமாட்டார்.

நீதிமன்றத்திலும் அடையாள அணிவகுப்பு என்று ஒன்று உண்டு. நீதவான் முன்னிலையில், ஒத்த தோற்றமுள்ள பலரோடு சந்தேகநபரை நிறுத்துவார்கள். அடையாளம் காட்டுபவர் யார் என்று தெரியும், பிறகு அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தலையாட்டியிடம் ஒன்றும் கேட்க முடியாது. எவ்வளவு வெளிச்சத்தில் பார்த்தாய், அடித்துக் கேட்டார்களா, பழைய பகை இருக்கிறதா என்று கேட்பதற்கு அவருக்கு முகமே இல்லை.

ஐயாவுக்கு நான் சொன்ன பதில்: இயந்திரத்துக்குப் பகை இல்லை, பயம் இல்லை, அடிவாங்கிக் காட்டிக்கொடுக்காது. அந்த அளவில் அது வேறு. ஆனால் அது "இவர்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. இவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேலே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்று வைத்தவர் ஒரு மனிதர். பட்டியலில் முகத்தைச் சேர்த்தவரும் ஒரு மனிதர். அந்த இரண்டு பேரையும் யாராவது எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறதென்றால் அது ஒரு கருவி. முடியாதென்றால் ஐயா சொன்ன பெயர் அதற்குப் பொருந்தும்.

அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரப் பொலிஸார் 2020 ஜனவரியில் றொபேட் வில்லியம்ஸ் என்பவரை அவருடைய மனைவி பிள்ளைகள் பார்த்திருக்க வீட்டு முற்றத்தில் கைது செய்தார்கள். கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருடியவரின் மங்கலான படத்துக்கு மென்பொருள் அவரைக் காட்டியிருந்தது. அவர் திருடவில்லை. அந்த வழக்கு 2024இல் இணக்கத்துக்கு வந்தபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து அங்கே இனி எவரையும் கைது செய்ய முடியாது என்ற விதி பிறந்தது. ஒரு தலையாட்டலுக்கு நான்கரை வருடம் கழித்துக் கிடைத்த குறுக்கு விசாரணை என்று அதைச் சொல்லலாம்.

பட்டியலில் யாரைப் போடுவார்கள்?

எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி இதுதான். பிடியாணை உள்ளவர்களை மட்டும் போடலாம். சந்தேகநபர்களை, சாட்சிகளை, "கண்காணிக்க வேண்டியவர்கள்" என்று ஓர் அதிகாரி நினைப்பவர்களையும் போடலாம். இயந்திரம் வித்தியாசம் பார்க்காது.

எட் பிரிட்ஜஸ் என்ற கார்டிஃப்வாசி இதைத்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2017 டிசம்பரில் கடைத்தெருவிலும், 2018 மார்ச்சில் ஆயுதக் கண்காட்சிக்கு எதிரான ஒரு போராட்டத்திலும் தன் முகம் அளக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். 2020 ஓகஸ்ட் 11ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் பொலிஸார் செய்தது சட்டமுரண் என்று தீர்ப்பளித்தது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, கமராவை எங்கே வைப்பது என்ற இரண்டையும் தனித்தனி அதிகாரிகளின் விருப்பத்துக்கு அளவுக்கு மீறி விட்டிருந்தார்கள். மென்பொருள் இனத்தாலோ பாலாலோ பாரபட்சம் காட்டுகிறதா என்று பொலிஸார் தாங்களே சோதித்துப் பார்க்கவில்லை. தொழில்நுட்பத்தையே நீதிமன்றம் தடை செய்யவில்லை. பொலிஸார் விதிகளைத் திருத்திக்கொண்டு பிறகு தொடர்ந்தார்கள்.

எங்களுக்கு இது ஏன் கூடுதலாகச் சுடுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு விளக்கேற்றப் போனவர்களையும், காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் அம்மாக்களையும் சிவில் உடையில் வந்து போனில் படம் எடுப்பதைக் கண்டிருக்கிறோம். அந்தப் படங்கள் இன்றைக்கு யாரோ ஒருவரின் போனில் கிடக்கும் படங்கள். தேடற்பட்டியலில் ஏற்றினால், அதே அம்மா தேர் பார்க்க வரும்போதும் வல்லிபுரக் கோயில் தீர்த்தத்துக்குப் போகும்போதும் அலாரம் அடிக்கும். களவைத் தடுக்க நல்லூரில் பூட்டும் கமராவை வடக்கின் பெரும் போர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கும் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கும் போராட்டப் பந்தலுக்கும் மாற்ற ஒரு நாள் போதும். எந்த நிகழ்வுக்கு, எவருடைய பட்டியலோடு, எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் இல்லாத எந்த அனுமதிக்கும் நான் ஆதரவில்லை.

குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?

2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நான்காம் நாள், இலங்கைப் பொலிஸார் தேடப்படுபவர்களின் படங்களை வெளியிட்டார்கள். அதில் ஒன்று, அமெரிக்காவில் பிறந்து அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படம். பெற்றோர் இலங்கையர் என்பதைத் தவிர அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. பொலிஸார் பிழையை ஏற்று மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. அவர் என்ன குற்றம் செய்தார்?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஒரே மாதிரி இல்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019 மே மாதம் பொலிஸார் உட்படத் தன் நகர நிர்வாகம் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று தடைபோட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்காகப் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம், கூட்ட நெரிசலையும் கைவிடப்பட்ட பைகளையும் கண்டுபிடிக்கும் கமரா மென்பொருளை அனுமதித்தது, முகமறிதலை அனுமதிக்கவில்லை. அவ்வளவு பெரிய விழாவுக்கே அதில்லாமல் பாதுகாப்புக் கொடுக்க முடிந்தது என்பதை நல்லூரை ஒழுங்குபடுத்துபவர்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொது இடங்களில் பொலிஸார் நேரலையாக முகம் தேடுவதை 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்கிறது; கடத்தப்பட்டவர்களைத் தேடுதல், பயங்கரவாத அச்சுறுத்தல் போன்ற விதிவிலக்குகள் உண்டு. பிரித்தானியாவில் பாவனை கூடிக்கொண்டு போகிறது.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியே ஓர் உறுப்புரை இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகம், விரல்ரேகை போன்ற உயிரளவைத் தரவுகளை விசேட வகைத் தரவு என்று பிரித்துக் கூடிய பாதுகாப்புக் கொடுக்கிறது. பொது இடங்களை ஒழுங்காகக் கண்காணிப்பதற்கு முன்பு அதன் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்றும் கேட்கிறது. தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும் சட்டத்தில் எழுதப்பட்டதாகவும், ஜனநாயக சமூகமொன்றில் அவசியமானதாகவும் அளவோடும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து, திருத்தங்களுக்காகத் தள்ளிப்போடப்பட்டன.

முகத்தை மூடிக்கொண்டு போகலாமா?

கோவிட் காலத்து முகக்கவசத்தோடு 2020இல் சோதித்தபோது, அன்றைய மென்பொருள்கள் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை தவறின. பிறகு வந்தவை கண்ணையும் புருவத்தையும் வைத்தே பொருத்தப் பழகிவிட்டன. லண்டன் ரொம்ஃபர்டில் 2019இல் கமராவைக் கண்டு முகத்தை மூடிக்கொண்ட ஒருவரைப் பொலிஸார் மறித்து, வாக்குவாதம் முற்றி, 90 பவுண் தண்டம் எழுதினார்கள். கோயிலுக்குப் போகிறவர் ஏன் முகத்தை மூட வேண்டும்? நான் மூடமாட்டேன்.

கமரா காட்டியது என்று சொல்லி என்னை மறித்தால்?

ஓடாதீர்கள், வாக்குவாதப்பட வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டுங்கள். பெரும்பாலான பிழைப் பொருத்தங்கள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கைது என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. "கமரா காட்டியது" என்பது காரணமாகாது. எந்தக் குற்றம் என்று கேளுங்கள். சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அது 72 மணி நேரம், தடுப்புக்காவல் உத்தரவு வந்தால் இன்னும் நீளும். அப்படியென்றால் உடனே சட்டத்தரணியை அழையுங்கள். வாக்குமூலம் விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். நேரம், இடம், அதிகாரியின் இலக்கம் மூன்றையும் கூடவந்தவர் குறித்துக்கொள்ளட்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

எங்கள் ஊரில் இது இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கும் மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்கும் தமிழில் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும். திருவிழாவுக்குப் பூட்டிய கமராக்களில் முகமறியும் மென்பொருள் இணைக்கப்பட்டிருக்கிறதா, அதன் பெயர் என்ன, யார் பணம் கட்டியது, தேடற்பட்டியலில் முகம் சேர்க்க எழுத்து விதி உண்டா, பதிவுகள் எத்தனை நாளில் அழிக்கப்படும், கடந்த முறை எத்தனை அலாரம் அடித்து அதில் எத்தனை சரி என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள பெயர்களைக் கேட்க வேண்டாம்; தரமாட்டார்கள், அதைச் சாட்டி மற்றதையும் மறுப்பார்கள். தேசிய பாதுகாப்பு என்று முழுவதையும் மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது தகவலைக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதைக் காட்டி மேன்முறையீடு செய்யுங்கள்.

"என்ர பிள்ளையை இந்தக் கமரா தேடுமா?"

எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஓர் அம்மா வந்து கேட்டார். பொலித்தீன் உறைக்குள் மகனின் பாடசாலைப் படம். 2009இல் பத்தொன்பது வயது.

தொழில்நுட்பத்தால் முடியுமா என்றால், ஓரளவு முடியும். பதின்ம வயதுப் படத்தை முப்பதுகளில் இருக்கும் முகத்தோடு ஒப்பிடும்போது பிழை கூடும், ஆனால் ஒப்பிடலாம். அதற்கு யாராவது அந்தப் படத்தைத் தேடற்பட்டியலில் போட வேண்டும். காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே கொடுத்த கோவையில் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கொடுத்தது போட்டோக்கொப்பி என்றார். மூக்கும் வாயும் கறுத்துப்போன கொப்பி.

மறுநாள் காலை படத்தை வாங்கி, 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்து, ஒரு பென் டிரைவிலும் நல்ல தாளில் மூன்று பிரதியாகவும் கொடுத்தேன். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கச் சொன்னேன். உறைக்குள் பழைய படத்தைத்தான் திரும்ப வைத்துக்கொண்டார்.